குட்டைத் தண்ணீர் நிறம் மாறுவது ஏன்?

தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குட்டை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. வீடுகளுக்குப் பின்னால் வாழை, முருங்கை, மரவள்ளி, கோழிக்கூடு, அதற்கும் அப்பால் ஒரு தண்ணீர்ப் பள்ளம். பெரும்பாலும் அது யாரும் திட்டம் போட்டு வெட்டிய குளமாக இருக்காது. லயம் கட்டும்போது மேடு போடுவதற்கு மண் அள்ளிய இடம். மழை பெய்தது, தண்ணீர் நின்றது, எங்கிருந்தோ மீன் வந்தது, குட்டையாயிற்று.

இந்தக் குட்டையைப் பற்றி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏன் சார், போன வாரம் பச்சையா இருந்த தண்ணி இந்த வாரம் காப்பி மாதிரி ஆயிடுச்சே?" கேள்வி சிறியது. ஆனால் இதற்கு விடை தெரியாததால் எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பமே தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் குட்டையைப் பார்ப்போம்.

நம் நாட்டில் பருவகாலமே இல்லை, ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பாடப் புத்தகத்தில் வருகிற பனிக்காலமும் இலையுதிர் காலமும் நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரம் சிவந்து, இலை கொட்டி, மொட்டையாய் நிற்பதையும், பால் குறைவதையும், சம்பளம் குறைவதையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரத்துக்குத் தெரிந்த பருவம் குட்டைக்கும் தெரியும். மேற்குக் கரை மாநிலங்களில் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு வறட்சி. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்து இடிமழை. ஜூன், ஜூலையில் மறுபடியும் மழை குறையும். அக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்க்கும். கிழக்குக் கரையில் கணக்கு வேறு. அங்கே நவம்பர் தொடங்கிப் பெருமழை. நான் சொல்லப்போவது பேராக் மாநிலத்தில் நான் அறிந்த ஒரு குட்டையின் கதை.

ஜனவரி மாதத்திலிருந்து தொடங்குவோம். மழை ஓய்கிறது. அல்லூரிலிருந்து குட்டைக்கு வரும் தண்ணீர் நின்றுபோகிறது. கலங்கிய மண் அடியில் படிகிறது. வெயில் தண்ணீருக்குள் இறங்குகிறது. பத்துப் பதினைந்து நாளில், யாரோ சாயம் கரைத்து ஊற்றியது போலத் தண்ணீர் பச்சையாகிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இலை இல்லை, தண்டு இல்லை, வெறும் பச்சைத் தண்ணீர்தான் தெரியும். அந்தப் பச்சைதான் பாசி. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றை உயிரணு. வேரும் பூவும் விதையும் அதற்குத் தேவையில்லை. ஒன்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு நான்காகும். நாளுக்கு ஒருமுறை பிளக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்தே நாளில் ஒன்று 1,024 ஆகிவிடும். கந்துவட்டிகூட இவ்வளவு வேகமாக ஏறாது.

இவ்வளவு பெருகுவதற்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? நாம்தான் போடுகிறோம். செம்பனைக்குப் போடும் உரத்தில் ஒரு பங்கு மழையோடு கரைந்து அல்லூர் வழியாகக் குட்டைக்கு வருகிறது. மாட்டுக் கொட்டகைத் தண்ணீர் வருகிறது. குசினித் தண்ணீர் வருகிறது. மரத்தைக் கொழுக்க வைக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசியையும் கொழுக்க வைக்கும். உரத்துக்கு மரம் எது, பாசி எது என்று தெரியாது.

பச்சைத் தண்ணீர் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அளவோடு இருந்தால் அது குட்டையின் சோறு. பாசியைக் கண்ணுக்கெட்டாத சிறு பூச்சிகள் தின்கின்றன. பூச்சியை மீன்குஞ்சு தின்கிறது. திலாப்பியா நேரடியாகவே பாசியைத் தின்னும். இந்த மீன் நமக்குச் சொந்த மீனன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே பரவியதால் பழைய ஆட்கள் ஜப்பான் மீன் என்றே சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குப் பணம் இல்லாத வீடுகளில் எத்தனை பிள்ளைகளை அந்த மீன் வளர்த்திருக்கிறது! அதன் வயிற்றில் போனது இந்தப் பச்சைத் தண்ணீர்தான்.

இன்னொரு வகைப் பாசி, தலைமயிர் போல நூல்நூலாக வளரும். காலையில் அடியில் கிடக்கும். நடுப்பகலில் மெத்தை போல மேலே மிதக்கும். பிள்ளைகள் அதைக் குச்சியால் சுற்றி எடுத்து ஒருவர் தலையில் ஒருவர் போட்டு விளையாடுவார்கள். அது ஏன் நடுப்பகலில் மேலே வருகிறது? உற்றுப் பார்த்தால் நூல்களுக்கு இடையில் குட்டிக் குட்டிக் குமிழிகள் சிக்கியிருக்கும். அவைதான் அதைத் தூக்கி வருகின்றன. வெயில் படும்போது பாசி, இலைகளைப் போலவே, தனக்கு உணவு சமைத்துக்கொண்டு பிராணவாயுவை வெளியே விடுகிறது. வகுப்பில் இதைக் காட்ட ஆய்வுக்கூடம் வேண்டாம். கழுவிய ஜாம் போத்தலில் இந்தப் பாசியைத் தண்ணீரோடு போட்டு வெயிலில் வையுங்கள். அரைமணியில் குமிழிகள் ஏறும். அதையே மேசைக்கு அடியில் இருட்டில் வையுங்கள். ஒரு குமிழியும் வராது. இந்தப் போத்தலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மார்ச் மாதத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். தண்ணீர் வற்றிக் குறுகியிருக்கும் நேரத்தில், நடுப்பகலில் குட்டையின் ஓரம் செங்கல் பொடி தூவியது போலச் சிவந்துபோகும். எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் இதைக் கண்டு, "முனியாண்டிக்குச் சேவல் அறுக்காம விட்டதால குட்டை ரத்தம் கக்குது" என்று சொல்லிவிட்டார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பார்ப்பதற்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் பாட்டி மாலையில் வந்து பார்க்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் அந்தச் சிவப்பு மறைந்து பச்சையாகிவிடும். இதுவும் நுண்ணுயிர்தான், யூக்ளினா என்று பெயர். அதன் உடலுக்குள் சிவப்புப் பொருள் இருக்கிறது. கடும் வெயிலில் அந்தச் சிவப்பைக் குடை போல மேலே பரப்பிக்கொள்ளும். நிழல் வந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் பாட்டியைக் காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று வேளையும் குட்டைக்கு அழைத்துப் போய்க் காட்டினோம். "சரிதான் தம்பி, ஆனா சேவல் கடன் கடன்தான்" என்றார். அதில் எனக்கு மறுப்பில்லை.

தண்ணீரின் மேல் வேறு சில படலங்களும் வரும். எண்ணெய் மிதப்பது போல வானவில் நிறத்தில் ஒன்று. உடனே யாரோ டீசல் ஊற்றிவிட்டார்கள் என்று பேச்சு எழும். ஒரு குச்சியால் அதைக் கலைத்துப் பாருங்கள். எண்ணெயாக இருந்தால் கலைந்து மீண்டும் ஒன்றுசேரும். ஓடு உடைந்தது போலத் துண்டு துண்டாக விலகி, அப்படியே நின்றால் அது எண்ணெய் அன்று. செம்மண்ணில் ஊறிவரும் இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிர்களின் வேலை. அதனால் தீங்கில்லை. அதே குச்சியைப் பச்சைப் படலத்தில் விட்டு எடுங்கள். நூலாகத் தொங்கினால் பயமில்லை. பச்சைச் சாயம் போலக் குச்சியில் அப்பிக்கொண்டு கெட்ட வாடையும் அடித்தால், ஆட்டையும் மாட்டையும் வாத்தையும் அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். பிள்ளைகளையும் இறங்க விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி என்பது அது. அதில் சில வகைகளுக்கு நஞ்சு உண்டு.

இனி அந்தக் கதை. 2016ஆம் ஆண்டு தொடக்கம் எவ்வளவு வெயில் என்பது பலருக்கு நினைவிருக்கும். பிப்ரவரியிலிருந்து வாரக்கணக்கில் நல்ல மழையே இல்லை. எங்கள் குட்டை இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து முழங்காலுக்குக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. தண்ணீர் பச்சை என்று சொல்வதுகூடப் போதாது. கீரைக் கடைசல் போல இருந்தது. கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல்கள் தெரியவில்லை. ஏப்ரல் மாதம், தமிழ்ப் புத்தாண்டுக்குச் சில நாட்களே இருந்தபோது வானம் மூடியது. மூன்று நாள் சூரியனையே காணோம். மூன்றாம் நாள் மாலை நல்ல மழை. எல்லாரும் மகிழ்ந்தோம்.

மறுநாள் விடியற்காலை பிரட்டுக்குப் போனவர்கள் முதலில் பார்த்தார்கள். மீன்களெல்லாம் தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விடிவதற்குள் வெள்ளை வயிறு தெரிய மிதக்கத் தொடங்கிவிட்டன. கை அகலத் திலாப்பியாக்கள், லம்பாம் மீன்கள், நூற்றுக்கு மேல் இருக்கும். தண்ணீரின் பச்சை போய்ப் பழுப்பாகியிருந்தது. நாற்றம் எட்டு மணிக்கே லயத்துக்கு வந்துவிட்டது. உடும்புகள் இரண்டு வந்து வயிறு முட்டத் தின்றன.

எங்கள் லயத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலை செய்கிற ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். வேலை முடிந்து மருந்துப் பம்பைக் குட்டைக்கரையில் கழுவும் பழக்கம் அவருக்கு இருந்தது. அது போதாதா? "அவன்தான் மருந்தக் கொட்டிட்டான்" என்று முதலில் ஒருவர் சொன்னார். மத்தியானத்துக்குள் அதைக் கண்ணால் பார்த்தவர்களே இருவர் கிளம்பிவிட்டார்கள். கோயில் புத்தாண்டுப் பூசைக்கு அவர் கொடுத்த பங்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் மனைவி குழாயடிக்கு வந்தால் மற்றப் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிற நான், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டினேன்.

அவருடைய மகள் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் படித்தாள். இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு வாளியோடு வந்தாள். வாளிக்குள் இரண்டு கெளுத்தி மீன்கள், மலாயில் கெலி என்கிறோமே அவை, துள்ளிக்கொண்டிருந்தன. "சார், இது நம்ம குட்டையில நேத்து புடிச்சது. ஹாருவானும் இருக்கு. எங்கப்பா மருந்து ஊத்தியிருந்தா இது மட்டும் எப்படி சார் உயிரோட இருக்கும்?"

நேயர்களே, பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும் என்று வகுப்பில் தினமும் சொல்கிறோம். ஒரு பிள்ளை உண்மையான கேள்வி கேட்கும்போது ஆசிரியருக்கு எப்படி இருக்கும் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன்.

மாலையில் அவளோடும் இன்னும் நான்கைந்து மாணவர்களோடும் குட்டையைச் சுற்றி நடந்தேன். செத்த மீன்களை மட்டும் பார்க்காமல், சாகாதவற்றையும் எழுதிக்கொண்டோம். கெளுத்தி உயிரோடு இருந்தது. விரால், அதாவது ஹாருவான், இருந்தது. செப்பாட் இருந்தது. அல்லூரில் திரியும் குட்டி மீன்கள் கூட்டம் கூட்டமாக மேலேயே நீந்தின. நத்தைகள் கரையோரம் ஊர்ந்தன. கரையிலிருந்த கங்கோங் ஓர் இலைகூடப் பழுக்கவில்லை. புல் மருந்து கொட்டப்பட்டிருந்தால் முதலில் கருக வேண்டியது அந்தக் கங்கோங்தான். செத்தவை திலாப்பியாவும் லம்பாமும் மட்டுமே. அதிலும் பெரியவையே அதிகம்.

இப்போது அந்த ஜாம் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பாசி பிராணவாயுவை விடுகிறது. இருட்டில் விடுவதில்லை. அதுமட்டுமன்று. நம்மைப் போலப் பாசியும் இரவு பகல் எந்நேரமும் மூச்சுவிடுகிறது. பகலில் அது செலவழிப்பதைவிட அதிகமாக உண்டாக்குவதால் மீனுக்கு மிச்சம் கிடைக்கிறது. இரவில் வரவே இல்லை, செலவு மட்டும்தான். இரவு முழுக்கச் செலவாகி, விடிவதற்குச் சற்று முன்னால் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். நம் வீட்டில் சம்பளத்துக்கு முந்தின நாள் மாதிரி.

தண்ணீரில் அது முதலிலேயே அதிகம் இல்லை. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர், காற்றிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாக ஆக அதுவும் குறையும். இந்தக் கொஞ்சத்தைத்தான் மீனும் பூச்சியும் பாசியும் அடிச்சேற்றில் அழுகுகிற இலையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

பாசி அளவோடு இருந்தால் கணக்கு எப்படியோ சரிக்கட்டிப் போகும். கீரைக் கடைசலாகிவிட்டால் ஒவ்வோர் இரவும் கத்திமுனையில் நிற்கிறது. அந்த நிலையில் மூன்று நாள் மேகமூட்டம் வந்தால் பகலிலும் வரவு நின்றுபோகிறது. பிறகு குளிர்ந்த மழை. சூடான தண்ணீர் மேலேயும் மூச்சே இல்லாத தண்ணீர் அடியிலும் இருந்தது போய், மழை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறது. வெளிச்சம் கிடைக்காத பாசி கூட்டமாகச் சாகிறது. தண்ணீர் பழுப்பாவது அதனால்தான். செத்த பாசி அழுகும்போது மிச்சமிருந்த பிராணவாயுவையும் தின்றுவிடுகிறது. மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகிறது.

அப்படியானால் கெளுத்தியும் விராலும் பிழைத்தது எப்படி? அவற்றுக்குச் செவுளோடு, காற்றை நேராக மூச்சிழுக்கும் உறுப்பும் இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மீன் கடையில் தண்ணீரே இல்லாத கூடையில் கெளுத்தி மணிக்கணக்கில் நெளிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? செப்பாட்டும் பூயுவும் அந்த வகைதான். அல்லூர்க் குட்டி மீன்களுக்கு அந்த உறுப்பு இல்லை. ஆனால் அவற்றின் வாய் மேல்நோக்கி இருக்கிறது. காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்தண்ணீரைக் குடித்தே சமாளித்துவிடும். பெரிய மீனுக்கு மூச்சும் அதிகம் வேண்டும், ஆகவே அது முதலில் போகிறது. நஞ்சு கொட்டினால் இப்படி ஆள் பார்த்துக் கொல்லாது. கெளுத்தியும் சாகும், நத்தையும் பூச்சியும் சாகும், நடுப்பகலிலும் சாகும். இது விடியற்காலையில், மேகமூட்டத்துக்குப் பிறகு, காற்றை மூச்சிழுக்கத் தெரியாத மீன்களை மட்டும் கொன்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் கொட்டகையில் அந்த வாளியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னேன். எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். பாட்டிதான் முதலில் பேசினார். "ஈயக்குட்டையிலயும் ஒருவாட்டி இப்படி ஆச்சு. அங்க யாரு மருந்து அடிச்சா?" என்றார். மறுநாள் கோயில் தலைவர் போய் அவர் வீட்டில் பணத்தை வாங்கிக்கொண்டார். அவர் ஒன்றும் பேசவில்லையாம். காப்பி மட்டும் போட்டுக் கொடுத்தாராம். பம்பைக் குட்டைக்கரையில் கழுவுவதை அவர் நிறுத்திவிட்டார். அந்தப் பழக்கம் தவறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மீன் செத்தது அதனால் அன்று.

இது போல நடக்காமல் தடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஒரு தகர மூடியை வெள்ளையாகச் சாயம் பூசி, ஒரு கம்பின் நுனியில் ஆணியடித்து, கம்பில் பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். நடுப்பகலில் அதை மெல்லத் தண்ணீருக்குள் இறக்குங்கள். மூடி கண்ணுக்கு மறையும் இடத்தில் கோட்டைப் பாருங்கள். 30 முதல் 45 சென்டிமீட்டர் ஆழம் வரை தெரிந்தால் மீனுக்கு நல்ல தண்ணீர். 20 சென்டிமீட்டருக்குள் மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது. அப்போது மீனுக்குத் தீனி போடுவதை நிறுத்துங்கள். மாட்டுக் கொட்டகைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். பெரிய மீன்களைப் பிடித்துச் சமைத்துவிடுங்கள், கூட்டம் குறையட்டும். விடியற்காலையில் மீன் வாய் பிளப்பதைக் கண்டால், நல்ல தண்ணீர் இருந்தால் விடுங்கள். இல்லாவிட்டால் நான்கு பேர் வாளியால் குட்டைத் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். விழும் தண்ணீர் காற்றைக் கூட்டிக்கொண்டு போகும். மயில்துத்தம் போட்டால் பாசி செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். செத்துவிடும்தான். எல்லாப் பாசியும் ஒரே நாளில் செத்து அழுகினால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது பார்த்தோம். செத்து மிதக்கும் மீனை எந்தக் காரணத்தால் செத்திருந்தாலும் குழம்பு வைக்காதீர்கள். புதைத்துவிடுங்கள்.

மழை தொடங்கியபின் குட்டையில் வேறு கூட்டம். முதல் பெருமழையிரவில் தவளைகள் போடும் சத்தத்தில் தொலைக்காட்சி கேட்காது. காலையில் பார்த்தால் கரையில் சாய்ந்த கிளைகளில் சவர்க்கார நுரை போல வெள்ளை உருண்டைகள் தொங்கும். அது மரத்தவளையின் கூடு. நுரைக்குள் முட்டை. பொரிந்த தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீருக்குள் சொட்டும். அவற்றுக்கும் உணவு பாசிதான். கல்லிலும் குச்சியிலும் படிந்த வழுவழுப்பைச் சுரண்டித் தின்னும். கானாங்கோழி, மலாயில் ரூவாக் ரூவாக், மழை இருட்டில் விடாமல் கத்தும். கரிக்கட்டை போலக் கறுத்த குஞ்சுகளை வரிசையாக அழைத்துப் போகும். கங்கோங் தண்டுகளில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளைக் கண்டால் அவற்றை நசுக்கித் தண்ணீருக்குள் தள்ளிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து 1990களில் நம் நெல்வயல்களை அழித்த தங்க நத்தையின் முட்டை அது.

ஜூலையில் ஒரு சிறிய பச்சை வரும், போகும். செப்டம்பர் வாக்கில் வால் பிளந்த சிறு குருவிகள் வடக்கே சைபீரியா, சீனப் பக்கத்திலிருந்து வந்து மாலையில் குட்டைக்கு மேலே பூச்சி பிடிக்கும். மடையான் கொக்கும் அப்போதுதான் வரும். உட்கார்ந்திருக்கும்போது மண்நிறம். பறந்தால் வெள்ளை. ஏப்ரல் வாக்கில் இவை ஊர் திரும்பிவிடும். அதற்குள் கொக்கின் கழுத்து செம்பழுப்பாகிக் கல்யாண மாப்பிள்ளை போல ஆகிவிடும்.

மழைக்காலத்தில் குட்டைநீர் கலங்கலாக இருக்கும், பாசி குறையும். ஆனால் கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கிக் கொசு இந்தக் குட்டையில் பிறப்பதில்லை. அதற்கு வேண்டியது நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, பூச்சட்டித் தட்டு, பழைய டயர். மீன் உள்ள குட்டையில் கொசுப்புழு பிழைப்பது அரிது. 2016இல் மீன் செத்த மூன்றாவது வாரம் லயம் முழுக்கக் கொசு என்று சொன்னால் காரணம் உங்களுக்கே புரியும். குட்டையில் கவனிக்க வேண்டியது ஆகாயத் தாமரையும் கியாம்பாங் செடியும்தான். ஒரு வகைக் கொசுவின் புழு அவற்றின் வேரில் குத்திக்கொண்டு, செடிக்குள் இருக்கும் காற்றையே மூச்சிழுக்கும். மேலே வராததால் மீன் கண்ணில் படாது. யானைக்கால் நோயைப் பரப்புவதும் அந்த வகைதான். ஆகவே அந்தச் செடிகளைக் கரையில் வாரிப் போட்டுக் காயவிடுங்கள். பிறகு வாழைக்கு எருவாகும்.

அந்தப் பெண் செய்த கம்பு இன்னும் எங்கள் பள்ளியில் இருக்கிறது. சாயம் இரண்டு முறை புதிதாகப் பூசியிருக்கிறோம். பிப்ரவரி பிறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வாரம் ஒருமுறை, பெரியவர் ஒருவர் கூட வர, குட்டைக்குப் போய் அளந்து வகுப்புச் சுவரில் எழுதி வைக்கிறார்கள். எண் 25க்குக் கீழே இறங்கினால் அன்று மாலையே லயத்தில் செய்தி சொல்லிவிடுவார்கள்.